சண்டைக்கு வந்த கீழ் வீட்டம்மா

தையல் கம்பெனியில் அவரை எல்லோரும் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி இறந்த பிறகு மாடி வீட்டில் தனிக்கட்டை. வெளிநாட்டு மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான், பேச்சு அதோடு படுத்துவிடும். மாஸ்டர் வாயாரப் பேசியதெல்லாம் கீழ் வீட்டம்மாவிடம்தான், அதுவும் தண்ணீர்ச் சண்டையில். அந்தம்மா ஒன்று சொன்னால் இவர் இரண்டு சொல்வார்.

ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக்கிடந்த வாரம் அது. திங்கட்கிழமை காலை முகம் கழுவக் குழாயைத் திறந்தார். வலது கை துவண்டு தொங்கியது. கால் மடங்கிச் சரிந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கத்திப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. யார் தேடுவார்கள் என்று யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த்தொட்டி காலியாகவே, கீழ் வீட்டம்மா மேலே ஏறி வந்து, மூடிய கதவைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இந்த மனுஷன் பதில் சொல்லாமல் விடுகிற ஆளில்லையே என்று அவருக்கு உறுத்தியது. எதிர்ப்பட்டறைக்காரரைக் கூட்டிவந்து கதவை உடைக்கவைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"கீழ் வீடு."

எப்போது விழுந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரம் கடந்துவிட்டால் மூளை ரத்தக்குழாயிலுள்ள அடைப்பை எடுத்தும் பலனிருக்காது என்ற டாக்டரம்மா, படத்தைக் காட்டினார்.

"பெரிய ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ஆனா சுத்தியிருக்கிற சின்னக் குழாய்ங்க வேற வழியா கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் கொண்டுபோயிருக்கு. அதனால மூளையில நிறைய இடம் இன்னும் உயிரோட இருக்கு. எல்லாருக்கும் இப்படி அமையாதும்மா. ஆனா அதுவும் ரொம்ப நேரம் தாங்காது."

மகனிடம் போனில் சம்மதம் வாங்கி, தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அடைப்பை இழுத்தெடுத்தார்கள்.

கால் நடக்குமளவுக்குத் தேறியது. கைக்குக் கத்தரிக்கோல் வசப்படவில்லை. கம்பெனியில் பித்தான் சரிபார்க்க உட்காரவைத்தார்கள். பேச்சு வருவதற்குள் கீழ் வீட்டம்மா வீட்டைக் காலிசெய்து தன் மகளோடு இருக்கக் கிளம்பிவிட்டார். சொல்லிக்கொள்ள வந்தவரிடம் மாஸ்டரால் தலையாட்டத்தான் முடிந்தது.

அடுத்தமுறை காட்டப்போனபோது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"யாரும் வரல. நான் மட்டும்தான்."

தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது. பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது என்று டாக்டரம்மா மனதாரப் பாராட்டினார்.