கிழங்குப் பால்கறியும் இரண்டு பெருநாளும்

எங்கள் வீட்டுப் பெருநாள் சாப்பாட்டில் நெய்ச்சோறு, பொரித்த கோழி, மாட்டிறைச்சிக் கறி, அச்சாறு என்று எல்லாம் இருக்கும். ஆனாலும் முதலில் காலியாவது கிழங்குப் பால்கறிச் சட்டிதான். அதற்குக் காரணம் என் தம்பி. சின்ன வயதிலிருந்தே இறைச்சியைக் கண்டால் அவனுக்கு முகம் சுருங்கும். ஊரே இறைச்சிக் கறிக்கு அடித்துக்கொள்ளும் நாளில் அவன் உருளைக்கிழங்குச் சட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பான். சொந்தக்காரர்கள் அவனைக் “கிழங்கு மாப்பிள்ளை” என்று கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. இன்னும் இரண்டு கரண்டி போடச் சொல்லிக் கேட்பான்.

உம்மா கிழங்கைத் தோலோடு அவித்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, கத்தி படாமல் கையாலேயே உடைப்பார். வெங்காயம், பச்சை மிளகாய், ரம்பை இலை, மஞ்சள், ஒரு கிள்ளு மாசிக் கருவாட்டுத்தூள். தேங்காய்ப்பால் விட்டபிறகு அது திரைந்துவிடக் கூடாது என்று யார் கூப்பிட்டாலும் அடுப்பை விட்டு நகரமாட்டார். யுத்த காலத்தில் பாதை மூடிக் கிடந்தால் மலைநாட்டுக் கிழங்கு லொறி எங்கள் பக்கம் வராது. அப்போதெல்லாம் இறைச்சி சுலபமாகக் கிடைக்கும், இரண்டு கிலோ கிழங்குக்குத்தான் கடைகடையாக அலையவேண்டும். உம்மா அலைவார்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் பெருநாள் காலையில், தொழுகை முடிந்ததும், முதலில் தாய்வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டுத்தான் அவன் மற்றச் சாப்பாட்டுக்குப் போகவேண்டும். தம்பி மருதமுனையில் கல்யாணம் முடித்தான். கல்முனைக் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் வந்துவிடுவான். புதுச் சட்டையில் கறி படாமலிருக்க உம்மா அவன் மடியில் ஒரு துவாயை விரிப்பார், இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும்கூட.

சுனாமியாகக் கடல் வந்த காலையில் உம்மாவும் என் கணவரும் போய்விட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அட்டாளைச்சேனையில், கடலுக்குத் தூரமாக இருந்த ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்ததால் மிஞ்சினேன். மிஞ்சியதற்காக நீண்ட காலம் என்மீதே எனக்குக் கோபம் இருந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வீடிழந்த மற்றவர்களோடு நானும் ஒரு பாடசாலையில் அகதியாக இருந்தேன். பெரிய கிடாரத்தில் ஆக்கிய சோற்றைத் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, தின்னவும் மனமில்லாமல் கொட்டவும் மனமில்லாமல் இருந்தேன். தம்பி தொழுதுவிட்டு நேரே அங்கே வந்தான். வகுப்பறைத் தரையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து என் தட்டிலேயே கையை வைத்தான். கறியில் கிழங்கு வெந்தும் வேகாமலும் கிடந்தது.

“என்னத்துக்கு இஞ்ச வந்தாய்? ஒண்ட வீட்டுல சாப்பாடு இல்லியா?” என்றேன்.

“தாய்வீட்டுச் சாப்பாடு ராத்தா” என்றான். ராத்தா என்றால் அக்கா.

அன்றிலிருந்து நான் எங்கே இருக்கிறேனோ அதுதான் அவனுக்குத் தாய்வீடு. பிறகு எனக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, அவற்றுக்குள் நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை யாரோடும் கதைக்கவேண்டியதில்லை. வருடத்தில் இரண்டு பெருநாளைக்கு மட்டும் அவன் வந்து கை நனைப்பான். அவனும் வராவிட்டால் அதற்கு வீடு என்ற பெயரே கிடையாது, நான் படுத்தெழும்பும் இடம், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த வருடம் பாதைகள் திறந்தன. சந்தையில் கிழங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அந்த வருடம்தான் தம்பி பிறை விஷயத்தில் வேறு பக்கம் போனான். உலகத்தில் எங்கே பிறை கண்டாலும் பெருநாள் என்பது அவன் கட்சி. நம் நாட்டில் கண்டால்தான் பெருநாள் என்பது ஊரில் பெரும்பாலானவர்களின் கட்சி, என்னுடையதும் அதுதான். இதனால் நோன்புப் பெருநாள் அவனுக்கு ஒரு நாள் முந்திவிட்டது.

அவன் பெருநாளன்று எனக்கு நோன்பு. காலையில் புதுச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். கடற்கரை வெளியில் தொழுதுவிட்டு வருகிறானாம். நம் உம்மாவைக் கொண்டுபோன கடலுக்கு முன்னால் நின்று எப்படித் தொழ மனம் வந்தது என்று எனக்கு ஆத்திரம்.

“கை நனைக்க வந்தன் ராத்தா.”

“எனக்கு நோன்பு. நோன்பு நாள்ல பகலைக்கி நான் அடுப்பு மூட்டமாட்டன்.”

“பெருநாளண்டைக்கி நோன்பு புடிக்கிறது ஹராம், தெரியுமா?”

“நோன்பண்டைக்கித் திங்கிறது மட்டும் நன்மையோ?”

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் வாயை அடைத்துவிட்டேன் என்று பின்னேர அஸர் தொழுகைவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

அடுத்தநாள் என் பெருநாள். விடிய எழும்பி நெய்ச்சோறு ஆக்கினேன், பால்கறி வைத்தேன், இரண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். நண்பகல் லுஹர் தொழுகை நேரமும் ஆயிற்று, அவன் வரவில்லை. வெட்கத்தை விட்டு அவன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவன் மனைவிதான் பேசினாள். “அவரு ஆறு நோன்பு தொடங்கிட்டாரு மதினி. இண்டைக்கி மொத நோன்பு.” பெருநாளுக்கு அடுத்து வரும் சுன்னத்தான ஆறு நோன்பை அவன் எப்போதும் உடனேயே பிடித்துவிடுவான். எங்கள் இருவரில் யாராவது ஒருவர் எப்போதும் பட்டினி. இரண்டு பேருக்கு வைத்த கிழங்கை நான் தனியே உட்கார்ந்து மூன்று நாள் சூடாக்கிச் சாப்பிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதற்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவன் மனைவி வீட்டாரோடு வெளியூர் போயிருந்தான். அப்படித்தான் சொன்னான். வருடம் முழுக்கப் போனில் சுகம் விசாரித்தோம், அதற்குமேல் கதை இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வருடம் வராவிட்டால் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வருடமும் வராவிட்டால் அதுவே பழகிவிடும்.

மறு வருடம் நோன்பு முடியும் நேரம். தம்பியின் பக்கத்தாருக்கு நாளைக்குப் பெருநாள் என்று பின்னேரமே கேள்விப்பட்டேன். போனை எடுத்தேன்.

“நாளைக்கித் தொழுதிட்டு இஞ்சால வா.”

“உங்களுக்கு நோன்பெல்லோ?”

“எனக்கு நோன்புதான். உனக்குப் பெருநாள்தானே? வா.”

“வாறன் ராத்தா” என்றான்.

நோன்போடு அடுப்பு மூட்டினேன். இடியப்பம் அவித்தேன், கோழி பொரித்தேன், கிழங்கை உம்மா செய்வதுபோலக் கையால் உடைத்தேன். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். எனக்கு அந்தத் துணிவு கிடையாது. கை சட்டியில் இருந்தாலும் காது முழுக்க வாசலில். வருவானோ, வந்தாலும் ஹராம் ஹலால் என்று மறுபடி தொடங்குவானோ என்று ஒரே யோசனை.

வந்தான். சைக்கிள் இல்லை, மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. நான் அவன் மடியில் துவாயை விரித்தேன். பிறையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவன் இடியப்பத்தைப் பிய்த்துப் பால்கறியில் குழைத்து வாயில் வைத்தான். ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினான்.

“எப்பிடி இரிக்கி?”

“நல்லா இரிக்கி. இன்னும் கொஞ்சம் போடுங்க.”

இரண்டாம் தரமும் போட்டேன், வழித்துச் சாப்பிட்டான். எனக்குப் பசி இருந்தது, அதைவிட நிம்மதி இருந்தது. போகும்போது, “நாளைக்கி நீங்க சாப்பிடுங்க” என்று மனைவி கொடுத்துவிட்ட வட்டிலப்ப இனிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் போதுமாக இருந்தது. மிஞ்சிய பால்கறியை என் பெருநாளுக்கென்று பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் தொழுதுவிட்டு வந்து, சூடாக்கி, முதல் வாய் வைத்தேன். ஒரு கல் உப்பு இல்லை. வெறும் அவித்த கிழங்கும் தேங்காய்ப்பாலும்தான். அதைத்தான் அவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போன் எடுத்தேன். “கறிக்கு உப்புப் போட மறந்திட்டேனே, ஏன்டா நீ சொல்லல்ல?”

“சொன்னா நீங்க பதறிப்போய் வாயில வெச்சுப் பாப்பீங்க ராத்தா” என்றான். “நோன்போட இரிந்தீங்கதானே.”

போன வருடம் என் வாசலில் நின்று அந்த நோன்பை ஹராம் என்றவன் அவன்தான். இப்போதே வா, உப்புப் போட்டுத் தருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்று அவனுக்கு ஆறு நோன்பில் முதல் நோன்பு. கூப்பிட்டால் நோன்பை விட்டுவிட்டு வருவான் என்று எனக்குத் தெரியும். கூப்பிடவில்லை. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உப்புச் சிரட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவன் சாப்பிட்டதுபோலவே அந்தக் கறியை முழுக்கச் சாப்பிட்டேன். இடையில் அழுகை வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அடக்கவேண்டியிருக்கவில்லை.