நான்காவது கதவுக்கு மெழுகு வேண்டாம்

ஹிசாயோ மண்டியிட்டு, கதவு ஓடும் மரக்காடியில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடு இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பார்க்க வந்த வீடுதான். சன்னலுக்கு வெளியே நான்கு மரத் தள்ளுகதவுகள். இரவில் மூடி காலையில் திறப்பவை. ஒன்றும் நகரவில்லை. நிலநடுக்கத்தில் மின்சாரம் போனால் ஏற்றவென்று கைப்பையில் எப்போதும் கிடக்கும் மெழுகை எடுத்துவிட்டாள்.

வயது எழுபத்து நான்கு. டோக்கியோவில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் ஆலையில் முப்பது வருடம் சோற்றின் நடுவே ஊறுகாய்ப் பிளம் வைத்தவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அவளும் நானும் அடுத்தடுத்துக் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். நான் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஹிசாயோவுக்கு மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும். பத்துத் தரகர்கள் வயதைக் கேட்டதுமே கோப்பை மூடிவிட்டார்கள். பதினோராவது ஆளைத் தேடி, ஒற்றை ரயில்பாதை மட்டுமே உள்ள ஓகோசே என்ற சிற்றூர்வரை என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கே வாடகை பாதிதான்.

முதியோரை வீட்டோடு பராமரிப்பது இருபத்திரண்டு வருடம் என் வேலை. குளியல்தொட்டியின் உயரத்தை முழங்காலால் அளந்தேன். கழிப்பறைப் படியை மிதித்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி அடித்தால் போதும்.

வீட்டுக்காரர் இவாசாகி பின்வீட்டிலிருந்து வந்தார். ஹிசாயோவைப் பார்த்ததும், எங்களோடு வந்திருந்த தரகரிடம், "பாட்டின்னு சொல்லவே இல்லையே" என்றார்.

"உங்களுக்கு என்ன வயசுங்க?" ஹிசாயோ தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எழுபத்தேழு."

"அப்ப நான் உங்களுக்குத் தங்கச்சி."

தரகர் சிரிப்பை இருமலாக்கினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார் இவாசாகி. " முன்னாடி இங்க தனியா குடியிருந்தவர் போன கோடையில செத்துட்டார். ஒன்பது நாள் எனக்குத் தெரியல. பின்னாடியே இருந்தும் தெரியல."

தனியாகச் சாவதில் தப்பில்லை, யாரும் எட்டிப் பார்க்காமல் நாள் போவதுதான் தப்பு என்றேன். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை.

"காலைல எங்க உக்காருவீங்க?" ஹிசாயோ கேட்டாள்.

"சமையலறைல. டீ குடிப்பேன்."

"ஆறரைக்கு நான் கதவைத் திறப்பேன். சத்தம் கேக்கலைன்னா சாவி போட்டு உள்ள வாங்க. காய்ச்சல்னாலும் ஒரு கதவையாவது தள்ளிடுவேன்."

முதல் கதவைத் தள்ளிக் காட்டினாள். அது நீரில் படகுபோல் சத்தமின்றி நகர்ந்தது.

"இதுவா? எனக்கு ஒரு காது மந்தம்மா."

மூன்று கதவுகளுக்கு மெழுகு பூசியாகிவிட்டது. ஹிசாயோ நான்காவதைத் தோளால் முட்டினாள். அது அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் மெழுகைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது இப்படியே இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி இங்கயே படுக்கறோம். காலைல கேக்குதான்னு பாருங்க."

ஒப்பந்தம் போடாமல் தங்கக் கூடாது என்று தரகர் ஆரம்பித்தார். இவாசாகி மெத்தை எடுத்துவரப் போனார்.

மறுநாள் மூன்று கதவுகள் ஓசையின்றித் திறந்தன. நான்காவது ஊரை எழுப்பியது. பின்வீட்டுச் சன்னலில் இவாசாகியின் தலை தெரிந்தது.

"ஆறு இருபத்தெட்டுதான் ஆவுது. டீயே இன்னும் கொதிக்கல."

"நாளைலேருந்து சரியா ஆறரை."

ஒன்பது மணிக்குத் தரகர் கடை திறந்தபோது நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். நான்காவது கதவுக்கு மெழுகு போடக் கூடாது என்று ஒப்பந்தத்தின் கடைசியில் இவாசாகி எழுதச் சொன்னார். ஹிசாயோ அதற்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை அழுத்திக் குத்தினாள்.