அம்மாவுக்கு முழங்கால் வைத்த கதை

உட்காரவே முடியாத ஒரு அம்மாவை என்னிடம் கொடுத்து, "ரிக் பண்ணிடுங்கக்கா" என்றார் எங்கள் ஸ்டுடியோ ஓனர். ஸ்டுடியோ என்றால் மன்னார்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் மாடி. குழந்தைகள் பார்க்கிற யூடியூப் சேனல் ஒன்றுக்கு கார்ட்டூன் செய்கிறோம். ரிக் பண்ணுவது, அதாவது கேரக்டர்களுக்கு எலும்பு போடுவது, என் வேலை. தலை, கழுத்து, கை, முழங்கை என்று தனித்தனி லேயராக வெட்டிய படம் வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் கம்ப்யூட்டரில் எலும்பு வைத்துக் கோக்க வேண்டும். எலும்பு இருக்கிற இடம் மடங்கும், அசையும். இல்லாத இடம் வெறும் மரக்கட்டை.

அந்தக் குடும்பத்தில் அப்பாவுக்கு விரல் நுனி வரை லேயர் வெட்டியிருந்தார்கள். பையன் மரமே ஏறலாம். நாய்க்கு வாலே நாலு துண்டு! அம்மாவுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே ஒரே துண்டாகப் புடவை, கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி.

"கால் எங்கங்க?" என்றேன்.

"புடவைக்குள்ள எதுக்குக்கா காலு? கிச்சன்லதானே நிக்கப்போறாங்க. அப்படியே நகத்திக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. நாய் வாலாட்ட வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வேண்டாமாம். நல்லா இருக்கே நியாயம்! முதல் எபிசோடிலேயே பொங்கல் சாப்பாடு வருகிறது. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, அம்மா கரண்டியோடு பின்னால் நிற்கிறாள்.

"அவங்களையும் உக்கார வைக்கிறேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை எபிசோட் போகணும்க்கா. லேட்டாச்சுன்னா இந்த சீரிஸ் உங்க கையில இருக்காது, சொல்லிட்டேன்."

"பாத்துக்கலாம்ங்க." எனக்கு அந்த சீரிஸ் வேண்டும். ஆனாலும் நான் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

வாய் பேசிவிட்டது, கை தடுமாறியது. தொடை, முழங்கால், பாதம் எல்லாம் வரைந்து எலும்பு வைத்தேன். முழங்காலை மடக்கினால் புடவை மடிப்பு கிழிந்து, நடுவில் பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது. தினமும் புடவை கட்டுகிறேன், அது எப்படி மடங்கும் என்று எனக்கே தெரியவில்லை, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். போனை நீட்டி, "உக்காரும்மா, வீடியோ எடுக்கணும்" என்றேன்.

"உக்காருறதையெல்லாமாடி படம் புடிப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே அம்மா இடது கையால் கொசுவத்தை முதலில் முழங்கால்களுக்கு நடுவே ஒதுக்கினாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். அட, இவ்வளவுதானா! கொசுவம் தனி லேயர். அதற்குத் தனி எலும்பு. முழங்கால் மடங்குவதற்கு முன்னால் அது நகர வேண்டும்.

"உக்காந்தாச்சு. இப்ப என்ன வேலை?" என்றாள் அம்மா.

"ஒரு வேலையும் இல்ல. சும்மா உக்காரு."

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்பதுபோல் பார்த்தாள். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, "அடுப்புல பால் இருக்குடி" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இனிமேல் அந்தக் கார்ட்டூன் அம்மாவை யார் சொன்னாலும் நிற்க வைப்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எபிசோடை அனுப்பினோம். அதில் அம்மா கொசுவத்தை ஒதுக்கி, முழங்காலை மடக்கி, அப்பா பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். மதியமே சேனல்காரர் போன் செய்தார். ஓனர் என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அம்மா உக்காந்துட்டா யாரு பரிமாறுறது? பழையபடி நிக்க வச்சிருங்களேன்."

ஓனர் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். சரி என்று சொல்லிவிட்டால் சீரிஸ் என்னுடையதுதான்.

"சாம்பார் வாளி நடுவுலதாங்க இருக்கு" என்றேன். "அப்பாவுக்குத் தோள்ல இருந்து விரல் வரைக்கும் எலும்பு போட்டிருக்கேன். எடுத்து ஊத்தச் சொல்லுங்க. நிக்க வைக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. "சரி மேடம், அப்பாவே ஊத்தட்டும். அதை மட்டும் மாத்தி அனுப்புங்க."

அப்பாவின் கையில் கரண்டியைக் கொடுத்து, அம்மா பக்கம் திருப்பினேன். சாம்பார் தரையில் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன், பின்னணிப் படத்தில் அவளுக்கு இலையே வரையவில்லை. ஒரு தலைவாழை இலையை நானே வரைந்து அவள் முன்னால் போட்டேன்.