இடது சக்கரம் முதலில்

கேப்டன் தேர்வில் குழல்வாய்மொழி முதல் தடவை தோற்றுப் போனாள். பக்கவாட்டுக் காற்றில் விமானத்தை இறக்கிக் காட்டச் சொன்னார்கள், சிமுலேட்டரில்தான். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி ஓடுபாதை வரை ஒழுங்காக வந்தவள், தரை தொடும் நேரத்தில் அதை நேராக்கத் தவறினாள். சக்கரங்கள் கோணலாக இறங்கின. திரையில் விமானம் புல்லுக்குள் ஓடியது.

தென்காசிக்கு விடுப்பில் வந்தவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, வலது காலை அழுத்துவதும் கையை இடப்பக்கம் சாய்ப்பதுமாக இருந்தாள்.

அம்மா ரெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, உக்காந்த இடத்துலயே ஆடுத?"

"காத்து இடப்பக்கம் அடிக்கும்மா. ரெக்கைய அங்கன சாய்ச்சு, மூக்க நேராக்கணும். இடது சக்கரம் முதல்ல தொடணும்."

"எத்தன தடவ செஞ்சு பாத்த?"

"நாப்பது இருக்கும்."

"அப்பம் சாப்ட்டுட்டு இன்னும் நாப்பது பாரு."

அடுத்த தேர்வில் சிமுலேட்டரைத் தாண்டிவிட்டாள். மிச்சமிருந்தது பயணிகளோடு ஒரு கடைசிப் பயணம். திருவனந்தபுரம், ஆடி மாதம். வலது இருக்கையில் தேர்வாளர் ஷஹானா, கடையநல்லூர்க்காரர்.

கடல் காற்று இடப்பக்கமிருந்து அறைந்தது. தரையிறங்க அனுமதித்த அளவுக்குச் சற்றே குறைவு. ஓடுபாதை நெருங்கியதும் குழல்வாய்மொழியின் வலது கால் தானாக அழுந்தியது. மூக்கு நேரானது, இடது இறக்கை தாழ்ந்தது. இடது சக்கரம் தொட்டது. பிறகு வலது. கடைசியாக மூக்குச் சக்கரம்.

காற்று வாலைத் தள்ளப் பார்த்தது. வேகம் குறையும்வரை கால்களாலேயே வாலின் சுக்கானை ஆட்டி விமானத்தை நடுக்கோட்டில் பிடித்து வைத்தாள். அப்புறம் இடது கையருகே இருந்த சின்னக் கைப்பிடியைத் திருப்ப, மூக்குச் சக்கரம் மஞ்சள் கோட்டின் மேலேயே வளைந்து சென்றது. மூன்றாவது வரிசையில் ஒருவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

என்ஜின்கள் நின்ற பிறகுதான் ஷஹானா திரும்பினார். "நம்மூர்ப் பிள்ள இறக்குனா இப்படில்லா இறக்கணும்! வாங்க கேப்டன்," என்று கை நீட்டினார். அந்தக் கையைப் பற்றியபோது குழல்வாய்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை குற்றாலத்தில், பெண்கள் வரிசையில் சாரலில் நனைந்தபடி நின்ற ரெங்கம்மாள், முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டினாள்.

"இது எம் மவ. பிளேன் கேப்டன்."

"எம்மா, சும்மா இரி," என்றாள் மகள்.

"ஏன் சும்மா இருக்கணும்?" என்று அடுத்தவளையும் கூப்பிட்டாள் ரெங்கம்மாள்.