சுமதியக்கா படிச்ச கௌபாய் கதை

சுமதியக்கா, இன்னிக்கு காந்திபுரத்துல ஒரு சின்ன ஹாலுல காமிக்ஸ் படிக்கறவங்க எல்லாம் கூடியிருந்தாங்க. பொழுதுக்கும் அங்கயேதான் இருந்தேன். பழைய புஸ்தக வாசம் மூக்குல ஏறுனதும் நெனப்புல நம்ம ஊட்டுக்கே போயிட்டேன். அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது, மில்லுல இருந்து தலையெல்லாம் பஞ்சோட வந்து நீதான் படிச்சுக் காட்டுவ. கொள்ளக்காரன் அந்த ஊரு போலீஸ்காரன் ஷெரீப்பு மேல துப்பாக்கிய நீட்டுனா, "ஏனுங்க ஷெரீப், சாப்ட்டுப்போட்டு வாங்க, அப்பறமா சுட்டுக்கலாமுங்க"ம்ப.

"நெசமாவே அப்படியா எழுதியிருக்குது?"

"பின்ன? வந்தவங்கள ஒரு வார்த்த கேக்காம சுடறது மொறையா கண்ணு?"

அதே புஸ்தகம் அங்க கெடச்சுது. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். சாப்ட்டியான்னு அதுல ஒருத்தனும் கேக்கல. எல்லாம் நீயா சொன்னதாக்கா? சிரிச்சேன், அப்பறம் அங்கயே அழுதுபோட்டேன். ஆஸ்பத்திரியில கடசியா உனக்குக் கஞ்சிகூட எறங்கலியே.

இதப் படிக்கறவங்க எல்லாரும் எங்கக்காளுக்காகச் சாமிய வேண்டிக்கோங்க. போன எடத்துல அவ வகுறு நெறஞ்சு இருக்கோணுமுங்க.