மேஜைக்கு அடியில் மாமனார்

என் வீட்டுக்காரர் அட்டெண்டரா வேலை பார்க்குற ஆபீஸ்ல, மீட்டிங் ஹால்ல ஒரு மேஜை இருக்கு. பழைய இங்கிலீஷ் பாணி, அசல் மஹோகனி, இருபது பேர் தாராளமா உட்காரலாம். காலெல்லாம் சிங்கத்தோட பாதம் மாதிரி செதுக்கினது. அதைத் துடைக்கிற துணியை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாத் துவைப்பார். என் புடவையோட சேர்த்து ஊறப்போட்டேன்னு ஒரு தடவை மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். எனக்குச் சக்களத்தி வேற எங்கயும் இல்ல, அங்கதான் நிக்கிறா.

போன மாசம் எங்க மாப்பிள்ளை அதே ஆபீஸுக்கு அதிகாரியா மாத்தலாகி வந்தார். நான் பூரிச்சுப் போயிட்டேன். இவர் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தார். "இந்தா பாரு, நான்தான் மாமனார்னு அங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அவருக்குத் தலைகுனிவு"ன்னார். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டார். அவரும் சரின்னுட்டார். 'அதெல்லாம் எதுக்கு மாமா'ன்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லல.

புதன்கிழமை பெரிய மீட்டிங். மாப்பிள்ளை அங்க முதல் தடவையா எழுந்து பேசப் போறார். மேஜை லேசா ஆடுதேன்னு இவருக்குக் காலையிலேர்ந்து குடைச்சல். அவர் பேசறப்போ தண்ணி கிண்ணி சிந்திட்டா? ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அடியில புகுந்துட்டார். முறுக்கிக்கிட்டு இருக்கும்போதே திமுதிமுன்னு எல்லாரும் வந்து உட்கார்ந்துட்டாங்க. சுத்திலும் பூட்ஸ்.

வேற யாரா இருந்தாலும் 'மன்னிச்சுக்கோங்க சார்'னு வெளிய வந்திருப்பாங்க. ரெண்டு பேர் சிரிச்சிருப்பாங்க, அதோட முடிஞ்சுது. இந்த மனுஷன், மாப்பிள்ளை முன்னாடி எப்படித் தவழ்ந்து வர்றதுன்னு வெட்கப்பட்டு, முழங்காலைக் கட்டிக்கிட்டு அங்கயே உட்கார்ந்துட்டார்.

மாப்பிள்ளை நல்லாப் பேசினாராம். இவர் தலையாட்டிக்கிட்டே கேட்டாராம், மேஜைக்கடியில! அந்தப் பூரிப்புல ஸ்பேனர் கைநழுவிடுச்சு.

"கீழ என்னப்பா சத்தம்?"னு மேனேஜர் கேட்டார்.

மாப்பிள்ளை குனிஞ்சார். ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் அவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

இதை இவர் வந்து சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. "என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னார்"னு வக்காலத்து வேற. இருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா சாப்பாட்டுல வெச்ச கை இவருக்கு வாய்க்குப் போகவே இல்ல. "நான் கேட்டதைத்தானே செஞ்சார்"னு மறுபடி மறுபடி சொல்லிக்கிட்டே இருந்தார்.

ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்தார். "மாமா எங்க, அத்தை?"ன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? "இங்கதான் எங்கயாவது இருப்பார், குனிஞ்சு பாருங்க"ன்னுட்டேன்.

மாப்பிள்ளை முகம் செத்துப்போச்சு. உள்ளேர்ந்து இவர் ஓடி வந்தார். என்னை ஒரு முறை முறைச்சுட்டு, தோள்ல கிடந்த துண்டால நாற்காலியை அவசர அவசரமாத் துடைச்சார்.

"வாங்க சார், உட்காருங்க"ன்னார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு இவருக்கே உறைச்சுது. துண்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார். மாப்பிள்ளை உட்காரல.