பக்கத்து வீட்டு எண்

மூன்றும் மூன்றும் இடம் மாறிக்கொண்டால் எண் மாறவே மாறாது! காந்திபுரத்தில் எஸ்.டி.டி. பூத் முன்னால் நின்றபோதுதான் இது பொறிதட்டியது. நூற்றிருபது எண்களை நினைத்து மலைத்திருந்தவள் ஒரே நொடியில் அறுபதுக்கு இறங்கிவிட்டேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொன்னால் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒருத்தியோ பவானியில் இருந்தாள். நான் தேடிக்கொண்டிருந்ததே அவளுக்குப் பேசும் எண்ணைத்தான்.

விடுதியில் என் பக்கத்துக் கட்டில் அவளுடையது. ப்ளஸ் டூ பாதியில் அவள் அப்பா வந்து ஊருக்கே அழைத்துப் போய்விட்டார். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, பக்கத்து வீட்டு எண்ணைக் கத்தினாள். அந்த இரைச்சலில் ஐந்து இலக்கங்களும் மனதில் நின்றன, வரிசை நிற்கவில்லை. மூன்று மட்டும் இரண்டு தடவை. ஐந்து, ஏழு, எட்டு ஒவ்வொன்றும் ஒரு தடவை. எட்டுதான் கடைசி. அதைச் சொல்லிவிட்டுத்தான் கையசைத்தாள். ஆக, அறுபது பன்னிரண்டானது.

"ஏனுங்க அம்மணி, போன் பண்ண வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்றார் பூத்காரர், நான் உள்ளங்கையில் கிறுக்குவதைப் பார்த்து. விஷயத்தைச் சொன்னேன். "பவானி நம்பரெல்லாம் மூணுலதானுங்க ஆரம்பிக்கும்" என்றார்.

ஆறு! வெறும் ஆறு!

முதல் எண்ணில் ஒருவர் "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். இரண்டாவதில் ஓர் அம்மா எடுத்தார்.

"உங்க பக்கத்து ஊட்டுல, கோயமுத்தூர் ஆஸ்டல்ல இருந்து வந்த பொண்ணு இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "இரு கண்ணு, கேட்டுட்டு வாரேன்" என்று போயேவிட்டார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அவளேதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"ஒரு பொண்ணு இருக்குது கண்ணு. ஆனா நாலாவதுதான் படிக்குது. பேசறியா?"

"வேண்டாங்க."

"செரி, சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அவள் போன பிறகு அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

விடுதிக் கதவு அடைக்கும் நேரமாகிவிட்டது. திரும்பி நடக்கையில் மீதி நான்கையும் மனதுக்குள் அடுக்கினேன். நான்கும் தவறினால் என் காதின் மேல் பழி போடலாம். ஆனால் விடுதி முகவரி அவளுக்குத் தெரியும். அதில் மறப்பதற்கு எதுவுமில்லை. இதுவரை ஒரு கார்டுகூட வரவில்லை. அதை எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. இரண்டு எண்களிலும் முதல் மூன்றை அடுத்து இன்னொரு மூன்றையே வைத்திருந்தேன். நாளைக்கு அந்த இடத்தில் ஐந்தைப் போட்டுப் பார்க்கவேண்டும்.